பார்க்காத முகம்

எங்கள் ஊர் திருமுக்கூடல். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் இங்கே ஒன்று கூடுகின்றன. "கூடுகின்றன" என்று எழுதிவிட்டேனே தவிர, வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் இங்கே கூடுவது மூன்று மணல்வெளிகள்தான். ஆனாலும் ஊருக்குப் பெருமை குறைந்துவிடவில்லை. ஆற்றங்கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில், ஏறக்குறைய கி.பி. 1068-ல் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய சாசனம் இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று இங்கே நடந்ததென்றும், அதற்கு வைத்தியரும் சல்லியக் கிரியை செய்பவரும் பணிப்பெண்களும் இருந்தார்கள் என்றும் அது சொல்கிறது.

வெளியூர்க்காரர்கள் அந்த ஆஸ்பத்திரிச் சமாசாரத்தைக் கேட்டுத்தான் ஆச்சரியப்படுவார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய எனக்கோ அதே சாசனத்தில் வரும் பாடசாலையின் மேல்தான் பிரியம். வேதமும் வியாகரணமும் படித்த மாணாக்கர்களுக்குச் சாப்பாடு போடவும், சனிக்கிழமை ஸ்நானத்துக்கு எண்ணெய் கொடுக்கவும், இரவு விளக்குக்கு எண்ணெய் அளக்கவும் அன்றைக்கே திட்டம் செய்து கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்து ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் வேண்டியதில்லை. கையிலேயே வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவர். கற்றுக்கொண்ட விதம் எனக்கு அவ்வளவு கௌரவமானதல்ல. ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவுக்கு ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் கொண்டு வருகிற பாய் ஒருவர் உண்டு. பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, ஹாரனை இரண்டு முறை அமுக்குவார். அவ்வளவுதான் அவருடைய விளம்பரம். அவருடைய பேத்தி என்னிடம் கணக்குப் படித்தவள். ஒரு நாள் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், உங்கள் வகுப்பில் திரையில் படம் காட்டிப் பாடம் நடத்துகிறீர்களாமே! எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் அப்படி நல்லொழுக்கப் பாடம் நடத்திக் கொடுங்களேன். ஹஜ்ரத்திடம் பேசிவிட்டேன்" என்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவன், வயது 45, கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். இப்படிப்பட்ட மனிதனிடம் இப்படி ஒரு வேண்டுகோள் வந்தால் அவனுக்குத் தலை எவ்வளவு கனக்கும் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்தேன். நபிகள் நாயகத்தைப் பற்றி ஒரு கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் போகிற வழியில் ஒரு கிழவி தினந்தோறும் குப்பையைக் கொட்டுவாள்; அவர் கோபித்துக் கொள்ளமாட்டார்; ஒரு நாள் குப்பை விழாமற் போகவே, அவள் நோயுற்றிருப்பாளோ என்று வீட்டுக்கே போய் விசாரிப்பார். பொறுமைக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? வேண்டியதை எழுதினால் தானே படம் வரைந்து கொடுக்கிற யந்திரம்தான் இப்போது வந்துவிட்டதே! அதனிடம் சொன்னேன். கிழவி வந்தாள், தெரு வந்தது, தலைப்பாகையும் தாடியும் சாந்தமான கண்களுமாக ஒரு பெரியவரும் வந்தார். ரவிவர்மா பார்த்தால் பொறாமைப்படுவார் என்று எண்ணிக்கொண்டேன்.

குறித்த நாளில் மாலைத் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முப்பது பேர் இருக்கும். வெள்ளைத் துணியை ஆணியில் மாட்டி, விளக்கை அணைத்து, புரொஜெக்டரைத் திருப்பினேன். தெரு வந்தது. கிழவி வந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது படத்துக்காக நான் விரலை அசைத்தேனோ இல்லையோ, ஹஜ்ரத் எழுந்து திரைக்கும் யந்திரத்துக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். அவருடைய வெள்ளை ஜிப்பாவில் தலைப்பாகையின் ஓர் ஓரமும் தாடியின் ஓர் ஓரமும் விழுந்து கலைந்தன.

"சார், ஒரு நிமிஷம். அதை அணைத்துவிடுங்கள்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாயிருந்திருக்கும். பதிலுக்கு நானும் கொஞ்சம் கோபித்துக் கொண்டிருக்கலாம். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஜ்ரத் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, எனக்குத் தேநீர் வரவழைத்தார். அவரைப் பழங்காலத்து மனிதர் என்று எண்ணிவிடக் கூடாது. 2020-ல் ஊரடங்கின்போது வாட்ஸாப்பிலேயே பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுத் திருத்தியவர். மூக்கால் ஒலிக்க வேண்டிய இடம், நீட்டி ஒலிக்க வேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு வர்ணம் கொடுத்து அச்சிட்ட குர்ஆன் பிரதியைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் படத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அதைத்தான் கேட்டேன். அவர் என்னிடம் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்டார்.

"அந்த முகத்தை யார் பார்த்தார்கள், சார்?"

நான் பேசாமல் இருந்தேன்.

"அந்தக் கதையை யார் சொன்னார்கள்?"

"எல்லோரும் சொல்கிறார்களே! நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்."

"எல்லோரும் என்றால் யார்?" என்று புன்னகை செய்தார் ஹஜ்ரத். பிறகு விளக்கினார். குப்பை கொட்டிய கிழவியின் கதை ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது, மேடைகளில் முழங்கப்படுகிறது, ஆனால் நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் இல்லை என்பதுதான் அறிஞர்கள் அபிப்பிராயமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல கதை, நல்ல நீதி. அதை ஏன் விட வேண்டும்?

"நீதி நல்லதுதான். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்லி உண்மை பேசக் கற்றுக்கொடுக்க முடியுமா, சார்?" என்றார்.

ஹதீஸ் என்பது நபிகள் சொன்னதும் செய்ததுமான செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு சங்கிலி உண்டு. இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் என்று, நேரில் கேட்டவர் வரையில் பெயர்கள் போகும். அதற்கு இஸ்நாத் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய ஒவ்வொரு மனிதரையும் பிற்காலத்து அறிஞர்கள் விசாரித்திருக்கிறார்கள். அவர் மெய் பேசுகிறவரா? ஞாபக சக்தி எப்படி? இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கக் கூடுமா? சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் செய்தியின் மதிப்புக் குறைந்துவிடும். புகாரா நகரத்தில் 810-ல் பிறந்து 870-ல் காலமான இமாம் புகாரி இப்படிச் சல்லடை போட்டுச் சலித்துச் சேர்த்த தொகுப்பில், திரும்ப வருகிறவற்றையும் சேர்த்து, 7,000-க்கு மேற்பட்ட செய்திகள் இருக்கின்றன. சலித்துத் தள்ளியவை அதைவிட எத்தனையோ மடங்கு. கேட்டதையெல்லாம் அப்படியே சொல்லித் திரிகிறவன், பொய்யன் ஆவதற்கு வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற கருத்தில் நபிமொழியே ஒன்று உண்டு என்றும் சொன்னார்.

"பார்க்காத முகத்தைப் பார்த்ததாகக் காட்டுவதும், கேட்காத செய்தியைக் கேட்டதாகச் சொல்லுவதும் ஒரே ஜாதி, சார். இரண்டும் பொய்ச் சாட்சி" என்றார் ஹஜ்ரத்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மனம் 2020-க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் டில்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டம் நடந்தது. அங்கே கூடியவர்களிடையே கொரோனாத் தொற்று பரவிற்று என்று செய்தி வந்தது. அந்தச் செய்தி மெய். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான் பொய். முஸ்லிம் வியாபாரிகள் வேண்டுமென்றே எச்சில் தடவி நோயைப் பரப்புகிறார்கள் என்று காட்சிகள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. எங்கேயோ எப்போதோ எடுத்த காட்சிகளுக்குப் புதுத் தேதி ஒட்டப்பட்டிருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் பம்பாய் ஹைக்கோர்ட்டின் ஔரங்காபாத் கிளை, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் மேல் போட்ட வழக்குகளை ரத்துச் செய்து, அவர்களைப் பலியாடுகள் ஆக்கியிருப்பதாகக் கண்டித்தது. ஆனால் ஆகஸ்டு வரையில் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருந்தது? ஏப்ரலிலேயே அப்படி ஒரு காட்சி எனக்கு வந்தது. "எச்சரிக்கையாக இருங்கள்" என்று மேலே ஒரு வரி எழுதி, என் வகுப்புப் பெற்றோர் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். நல்ல எண்ணத்தோடுதான். குப்பை கொட்டிய கிழவியின் கதையையும் நல்ல எண்ணத்தோடுதானே கொண்டு போனேன்!

யார் சொன்னார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. படிப்பில் ஒவ்வொரு படிக்கும் நிரூபணம் கேட்டவன், ஒரு மனிதருடைய பிழைப்பைப் பற்றிய விஷயத்தில் கேட்கவில்லை.

நிற்க. மறுபடியும் பாடம் நடத்த வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். முகம் இல்லாமல் எப்படிப் படம் காட்டுவது என்று பல நாள் யோசித்தேன். தேடப் போனபோது, இது ஒன்றும் புதிய தொல்லை அல்ல, பல நூற்றாண்டாகப் பெரிய கலைஞர்கள் சந்தோஷமாகச் சுமந்த தொல்லை என்று தெரிந்தது. பழைய பாரசீக, துருக்கிய ஏடுகளில் நபிகளை வரைந்தவர்களும் உண்டு. முகத்தின் மேல் திரையிட்டு வரைந்தவர்களும் உண்டு. ஆனால் துருக்கியில் ஹாபிஸ் உஸ்மான் (1642–1698) என்ற எழுத்துக் கலைஞர் வேறொரு வழியைச் செம்மைப்படுத்தினார். நபிகளை நேரில் பார்த்தவர்கள் அவருடைய உருவத்தையும் குணத்தையும் பற்றிச் சொன்ன வார்த்தைகள் இருக்கின்றன அல்லவா? அந்த வார்த்தைகளையே வட்டமாகவும் கட்டமாகவும் அழகிய எழுத்தில் அமைத்து, படம் மாட்டுகிற இடத்தில் மாட்டும்படி செய்தார். ஹில்யா என்று அதற்குப் பெயர். அது சாட்சிகளின் வாக்குமூலம்; அதே சமயத்தில் கண்ணுக்கு விருந்து. முஸ்தபா அக்காத் என்பவர் 1976-ல் "தி மெஸேஜ்" என்ற திரைப்படத்தை எடுத்தபோதும் நபிகளைக் காட்டவில்லை. குரலையும் கேட்கச் செய்யவில்லை. அவர் நிற்கிற இடத்தில் காமிராவை வைத்துவிட்டார். மற்றவர்கள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

நமக்கு இது அன்னியமா என்ன? எழும்பூர் மியூஸியத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். பழைய சிற்பங்களில் புத்தர் இருக்கமாட்டார். வெறும் ஆசனமும் பாதச் சுவடும் இருக்கும். சுற்றிலும் ஜனங்கள் கைகூப்பி நிற்பார்கள். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலையும் வெற்றிடமும்தானே? கீழக்கரையின் பழைய ஜும்மாப் பள்ளியில், கோயில் மண்டபத்தைப் போலவே கல் தூண்கள் நிற்கின்றன. சிற்பியின் உளி பூவையும் கொடியையும் செதுக்கிவிட்டு, உருவத்தை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டது.

பிறகு ஒரு முறை சென்னைக்குப் போனபோது, ஹஜ்ரத் சொன்னபடி திருவல்லிக்கேணி வாலாஜாப் பள்ளிவாசலைப் பார்த்து வந்தேன். 1795-ல் ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் கட்டியது. கட்டிய வருஷத்தை அங்கே எழுத்தால் சொல்லியிருக்கிறார்கள். இறைவனை நினைப்பதன் மேன்மையைச் சொல்லும் மூன்று அரபுச் சொற்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அரபு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. முதற் சொல்லுக்கு 920, இரண்டாவதற்கு 66, மூன்றாவதற்கு 223. ஆகக் கூடி 1209. அதுதான் ஹிஜ்ரி வருஷம். நம் கணக்கில் 1794–95. இப்படி அமைத்துக் கொடுத்தவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால் என்ற ஹிந்து; பாரசீகப் புலவர். ரமலான் மாதத்தில் இதே பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு, பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த ஹிந்துக்களின் சூஃபிதார் அமைப்பினர் பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள். கணக்கு உபாத்தியாயனுக்கு இதைவிட நல்ல கூட்டல் கணக்கு எங்கே கிடைக்கப் போகிறது!

இரண்டாம் முறை மதரஸாவுக்குப் போனபோது, கதையை ஹஜ்ரத்தே தேர்ந்து கொடுத்தார். புகாரியின் தொகுப்பில் உள்ளது. தாகத்தோடு நடந்த ஒரு மனிதன் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்து ஏறுகிறான். மேலே ஒரு நாய் தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. "நான் பட்ட பாட்டைத்தானே இதுவும் படுகிறது!" என்று மறுபடியும் இறங்கி, தன் காலணியில் தண்ணீரை மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி, நாய்க்குக் கொடுக்கிறான். இறைவன் அவனை மன்னித்துவிடுகிறான்.

இதற்கு நான் நான்கே படங்கள் செய்தேன். மேலிருந்து பார்த்தால் தெரிகிற கிணறு. அதாவது ஒரு வட்டத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம். அடுத்தது ஒற்றைக் காலணி. அடுத்தது கிணற்று ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் போகிற ஈரம். கடைசியில் அந்த ஈரத்தை நோக்கி வருகிற நான்கு கால்களின் சுவடு. மனிதனும் இல்லை, நாயும் இல்லை. சுற்றிலும் ஓரத்துக்கு, ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் வருமே, அந்த எட்டு முனை நட்சத்திரம். நம் வீட்டு வாசலில் கோலமாகவும் அதைப் போடுகிறார்கள். குர்ஆன் பக்கங்களில் ஓதும் பகுதிகளைப் பிரித்துக் காட்டவும் அதையே போடுகிறார்கள்.

"காலணியை ஏன் வாயில் கவ்வினான்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் நிசப்தம். பிறகு ஒரு சிறுமி எழுந்து, "ரெண்டு கையும் வேணுமே, சார், ஏறுறதுக்கு!" என்றாள். சொல்லும்போதே அவளுடைய இரு கைகளும் காற்றில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறின. அந்தக் கிணற்றில் அப்போது அவளே ஏறிக்கொண்டிருந்தாள். நான் ஒரு முகத்தை வரைந்து வைத்திருந்தால், அவள் அந்த முகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இடம் காலியாக இருந்ததனால் அவள் உள்ளே போனாள்.

அன்றைக்குத் திரும்பும்போது பாய் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். 2020-ல் நான் செய்ததைச் சொன்னேன். மனத்தில் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தும் வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை.

பாய் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும், சார். அப்போது என் பேத்தி உங்கள் வகுப்பு. அந்தக் குழுவில் நானும் இருந்தேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கோபம் வரவில்லையா, பாய்?" என்றேன் கடைசியில்.

"வந்தது. இரண்டு மாசம் உங்கள் தெருப் பக்கம் வண்டி விடவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை."

வாஸ்தவம். நான் கவனிக்கவில்லை.

"பிறகு ஏன் என்னைப் பாடம் நடத்தக் கூப்பிட்டீர்கள்?"

"பேத்திக்குக் கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதுவும் நான் பார்த்ததுதானே, சார்?" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனபின், திரும்பிப் பார்க்காமலே, "இப்போது என்னிடம் சொன்னதை அந்தக் குழுவிலும் போட்டுவிடுங்கள். அங்கே போட்டதற்கு அங்கேதானே பதில்!" என்றார்.

போட்டேன். பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டபடியால், அந்தக் குழு தீபாவளி வாழ்த்துக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் மாத்திரம் உயிரோடு இருந்தது. நான் அனுப்பியது பொய், அதனால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்புக்குக் கேடு செய்தேன் என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவர் "குட் மார்னிங்" என்று ரோஜாப் பூ அனுப்பினார். பொய் ஓடிய வேகத்தில் மெய் ஓடவில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது என் வகுப்பில் திரையில் எதைக் காட்டினாலும், மூலையில் ஒரு சிறு எட்டு முனை நட்சத்திரம் போடுகிறேன். அதைக் கண்டால் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எழுந்து, "யார் சொன்னது, சார்?" என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்ல வேண்டும்; தெரியாவிட்டால் படத்தை எடுத்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டினால் என்னுடைய படங்களில் பாதி போய்விட்டன.

சென்ற வாரம் எங்கள் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 15 படுக்கை என்றதும் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"யார் சொன்னது, சார்?"

புரொஜெக்டரை அணைத்தேன். "எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டு போய், அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன்.